‘எங்கள் கோடு இல்லை’ என்பது பதிலாகாது

2020 ஜூலை 10 அன்று ஐபோன்களில் ஸ்பாட்டிஃபை, பின்ட்ரெஸ்ட், டிண்டர் போன்ற செயலிகள் திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டன. போனில் இருந்த செயலியில் ஓர் எழுத்துகூட மாறியிருக்கவில்லை. மாறியது ஃபேஸ்புக்கின் சர்வரில். ஃபேஸ்புக் கணக்கு வழியாக உள்ளே நுழையும் வசதிக்காக அந்தச் செயலிகள் தமக்குள் வைத்திருந்த எஸ்டிகே (வேறொரு நிறுவனம் தரும் ஆயத்த நிரல் தொகுப்பு), சர்வரிலிருந்து வந்த தகவலைக் கையாளத் தெரியாமல் விழுந்தது. செயலியையும் சேர்த்துச் சாய்த்தது. ஃபேஸ்புக் கணக்கே இல்லாதவர்களுக்கும் அதே கதிதான். அதே ஆண்டு மே 6 அன்றும் இதுவே நடந்திருந்தது.

“எங்கள் கோடு இல்லை, எஸ்டிகே பிரச்சினை.” செயலித் துறையில் இந்த ஒரு வாக்கியத்தோடு விசாரணை முடிந்துவிடுகிறது. இதன் பின்னால் ஒரு முழு வாதம் இருக்கிறது. அதைக் குறைக்காமலே இங்கே வைக்கிறேன். இன்றைய செயலியில் டெவலப்பர் தன் கையால் எழுதுவது கொஞ்சம்தான். விளம்பரம், வரைபடம், பணம் செலுத்துதல், பயன்பாட்டுக் கணக்கெடுப்பு எல்லாம் வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்த லைப்ரரிகள். அத்தனையையும் வரிக்கு வரி படிக்க யாராலும் ஆகாது. பல எஸ்டிகேக்களின் மூல நிரலைக் கண்ணாலும் பார்க்க முடியாது. எஸ்டிகே நிறுவனம் சொன்னதை நம்பினோம். ஸ்டோர் சோதித்து அனுமதித்தது. பயனரும் ‘அனுமதி’ பொத்தானை அழுத்தினார். இதற்கு மேலும் பொறுப்பை எங்கள் தலையில் கட்டினால் சிறிய டெவலப்பர் கடையை மூட வேண்டியதுதான். வாதம் இதுதான்.

இதில் உண்மைகள் இருக்கின்றன. அவற்றின் மேல் கட்டிய முடிவுதான் தவறு. ஒரு பாகத்தைத் தேர்ந்தெடுத்து, தன் பெயர் போட்ட செயலிக்குள் வைத்து, மக்கள் கையில் கொடுத்தவர்தான் பயனருக்கு முதலில் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அந்தப் பாகத்தைச் செய்தவரிடம் அவர் பிறகு கணக்குத் தீர்த்துக்கொள்ளட்டும். அது அவர்கள் இருவருக்கும் உள்ள வழக்கு. பயனரை அதற்குள் இழுத்து அலைக்கழிக்க யாருக்கும் உரிமை கிடையாது.

இந்தச் சாக்கு மென்பொருளோடு பிறந்ததும் அல்ல. நியூயார்க் மாநிலத்தில் டொனால்ட் மெக்ஃபெர்சன் என்பவரின் பியூக் காரில் ஒரு சக்கரம் ஓட்டத்தில் நொறுங்கியது. அதன் ஆரக்கால்கள் பழுதான மரம். அவர் வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டுக் காயமடைந்தார். சக்கரத்தைத் தாங்கள் செய்யவில்லை, வேறொரு கம்பெனியிடம் வாங்கினோம் என்றது பியூக். காரைக்கூட அவருக்கு நேரடியாக விற்கவில்லை, டீலருக்குத்தான் விற்றோம் என்றும் சொன்னது. 1916-ல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ எழுதிய அந்தத் தீர்ப்பின் சாரம் இது: முழு வண்டியைச் சந்தைக்கு அனுப்புகிறவர், அதன் பாகங்களைச் சாதாரணச் சோதனைக்குக்கூட உட்படுத்தாமல் அனுப்ப முடியாது. சக்கரத்தின் ஒவ்வொரு நாரையும் பிரித்துப் பார்த்தாயா என்று நீதிமன்றம் கேட்கவில்லை. சாதாரணமாகச் சோதித்தாலே தெரிந்திருக்கும் குறையைச் சோதித்தாயா என்றுதான் கேட்டது.

செயலிகளிடம் கேட்பதும் அவ்வளவுதான். ‘எல்லாவற்றையும் படிக்க முடியாது’ என்பவர்கள், யாரும் கேட்காத ஒன்றை மறுத்துவிட்டு, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறார்கள். ஒரு எஸ்டிகே என்ன செய்கிறது என்று அறிய அதன் மூல நிரல் தேவையில்லை. செயலியைச் சோதனைப் போனில் ஓடவிட்டு, அது எந்தெந்த முகவரிக்கு என்னென்ன அனுப்புகிறது என்று இடைமறித்துப் பார்க்கும் இலவசக் கருவிகள் எத்தனையோ உண்டு. ஆண்ட்ராய்டில் இன்னும் எளிது. ஒரு லைப்ரரி தனக்கு வேண்டிய அனுமதிகளை மேனிஃபெஸ்ட் என்ற தன் அறிவிப்புக் கோப்பில் எழுதி வைத்திருக்கும். செயலியைக் கட்டும்போது அவை செயலியின் மேனிஃபெஸ்டோடு தாமாகவே கலந்துவிடும். கலந்த பிறகு கிடைக்கும் முழுப் பட்டியலை ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ தனிப் பக்கத்தில் காட்டுகிறது. வேண்டாத அனுமதியை ஒரே வரியில் நீக்கவும் வழி இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஒருமுறைகூடத் திறக்காதவர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னால், அவர் பார்க்க மறுத்தார் என்றுதான் அதற்குப் பொருள்.

தெரியாமல் நடந்தது என்று சொல்லவே முடியாத வழக்குகளும் உண்டு. மாதவிலக்குக் கணக்கு வைத்துக்கொள்ள உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் பயன்படுத்திய ஃப்ளோ செயலி, உடல்நலத் தகவல்களை வெளியே தருவதில்லை என்று வாக்களித்திருந்தது. ஆனால் அதிலிருந்த எஸ்டிகேக்கள் வழியாக ஃபேஸ்புக், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு அவை போயின என்பது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2021-ல் சாட்டிய குற்றம். ஃபேஸ்புக் எஸ்டிகே பயனரின் வயிற்றில் கரு இருப்பதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. கர்ப்பத்தின் எத்தனையாவது வாரம் என்று பயனர் தேர்ந்தெடுத்ததும் பதிவாகும் நிகழ்வுக்கு, அதே பொருள்படும் பெயரைச் சூட்டியது ஃப்ளோவின் சொந்த நிரல். அந்தப் பெயரோடுதான் தகவல் வெளியே போனது. தானே பெயர் வைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, அனுப்பியது எஸ்டிகே என்று கைகாட்டுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை.

ஜூம் கதையும் பாடம்தான். அதன் ஐபோன் செயலி, ஃபேஸ்புக் கணக்கு இல்லாதவர்களின் சாதனத் தகவல்களையும் ஃபேஸ்புக்குக்கு அனுப்புகிறது என்று மதர்போர்டு இதழ் 2020 மார்ச் இறுதியில் வெளியிட்டது. ஓரிரு நாளில் ஜூம் அந்த எஸ்டிகேயை நீக்கிப் புதிய பதிப்பை வெளியிட்டது. ஃபேஸ்புக் கணக்கு வழியாக உள்நுழையும் வசதியும் போய்விடவில்லை. உலாவி வழியாக அதைத் தந்தார்கள். ஓரிரு நாளில் கழற்றி எறிய முடிந்த ஒன்றை ‘தவிர்க்க முடியாத தொழில்நுட்பத் தேவை’ என்று எப்படி அழைப்பது?

அடுத்து, ‘பயனர் அனுமதி கொடுத்தார்’ என்ற வாதம். பயனர் யாருக்குக் கொடுத்தார்? திரையில் வந்த கேள்வியில் இருந்தது செயலியின் பெயர். எஸ்டிகேயின் பெயர் எங்கும் இல்லை. செயலியும் அதற்குள் இருக்கும் எஸ்டிகேக்களும் ஒரே பெட்டிக்குள் ஓடுகின்றன; செயலிக்குக் கிடைத்த அனுமதி எஸ்டிகேக்கும் கிடைத்துவிடுகிறது. இதில்தான் சூட்சுமம். முஸ்லிம் ப்ரோ செயலிக்கு இருப்பிடம் நியாயமாகவே தேவை: தொழுகை நேரமும் கிப்லா திசையும் ஊருக்கு ஊர் மாறும். அந்த நியாயமான தேவைக்காக மக்கள் கொடுத்த இருப்பிடத்தை, அதற்குள் இருந்த எக்ஸ்-மோடு எஸ்டிகே எடுத்துக்கொண்டது. எக்ஸ்-மோடிடம் இருப்பிடத் தகவல் வாங்கியவர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்களும் இருந்தார்கள் என்று 2020 நவம்பரில் மதர்போர்டு எழுதியது. செயலி நிறுவனம் உடனே உறவை முறித்துக்கொண்டதாக அறிவித்தது. தொழப் போகும் நேரம் பார்க்கக் கொடுத்த சம்மதத்தை உளவுச் சந்தைக்குக் கொடுத்த சம்மதமாக வாசிக்க எந்த நேர்மையான மனிதராலும் முடியாது.

இந்த இடத்தில் பணத்தைப் பற்றிப் பேசாமல் போவது நியாயமில்லை. எக்ஸ்-மோடு தன் எஸ்டிகேயைச் செயலிக்குள் வைக்கும் டெவலப்பருக்குக் காசு கொடுத்தது. 2022 ஏப்ரலில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அம்பலப்படுத்திய மெஷர்மென்ட் சிஸ்டம்ஸ் எஸ்டிகேயும் அப்படித்தான். செயலிக்கு எந்த வசதியும் தராத ஒரு துண்டு நிரலை உள்ளே வைப்பதற்கு மாதாமாதம் பணம் வந்தால், அந்தப் பணம் எதற்கு என்ற கேள்வி யாருக்கும் எழும். எழுந்த கேள்வியை விழுங்கிக்கொண்டவரை ‘ஏமாந்த டெவலப்பர்’ என்று அழைப்பது, உண்மையிலேயே ஏமாந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஏனென்றால் உண்மையிலேயே ஏமாந்தவர்களும் இருக்கிறார்கள். இந்தியர்கள் தொடங்கிய இன்மொபி விளம்பர நிறுவனத்தின் மேல் 2016-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் எடுத்த நடவடிக்கை எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்று. பயனர் இசைந்தால் மட்டுமே இருப்பிடத்தைப் பார்ப்போம் என்று டெவலப்பர்களிடம் சொல்லிவிட்டு, இருப்பிட அனுமதி மறுக்கப்பட்ட போன்களிலும் அருகிலுள்ள வைஃபை இணைப்புகளை வைத்து ஆள் எங்கே என்று அந்த நிறுவனம் ஊகித்தது என்பது குற்றச்சாட்டு. 9.5 லட்சம் டாலர் அபராதத்தில் வழக்கு முடிந்தது. கட்டியது இன்மொபி. அது சரியே. முதல் பொறுப்பாளி என்று நான் சொல்வது ஒரே பொறுப்பாளி என்று ஆகாது. பொய் சொன்ன எஸ்டிகே நிறுவனம் தண்டிக்கப்பட வேண்டும். அந்தப் பொய்யை நியாயமான சோதனையிலும் கண்டுபிடிக்க முடியாத டெவலப்பரின் குற்றம் குறையவும் வேண்டும். ஆனால் குற்றம் குறைவதும் கடமை தீர்வதும் வேறு வேறு. ஏமாந்தேன் என்று தெரிந்த நாளில் அந்த எஸ்டிகேயை நீக்குவதும், போன தகவலைப் பற்றிப் பயனரிடம் சொல்வதும் யார் வேலை? இன்மொபிக்குப் பயனரின் முகம் தெரியாது. பயனருக்கு இன்மொபியின் பெயரே தெரியாது. இருவருக்கும் நடுவில் நிற்பவர் செயலிக்காரர் மட்டுமே.

பொறுப்பை இப்படி அளந்து பிரிக்க முடியும் என்பதற்குச் சட்டத்தில் முன்னுதாரணமும் உண்டு. ஜெர்மனியின் ஃபேஷன் ஐடி என்ற துணிக்கடை தன் இணையதளத்தில் ஃபேஸ்புக்கின் ‘லைக்’ பொத்தானை வைத்திருந்தது. பக்கத்தைத் திறந்தாலே போதும், பொத்தானை அழுத்தாதவரின் தகவலும் ஃபேஸ்புக்குக்குப் போகும். ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஜூலையில் சொன்னது: தகவலைச் சேகரித்து அனுப்பிய அளவுக்குக் கடைக்காரரும் கூட்டுப் பொறுப்பாளி, அதன்பின் ஃபேஸ்புக் தன்னிடத்தில் அதை வைத்து என்ன செய்கிறது என்பதற்கு அவர் பொறுப்பில்லை. ‘எல்லாப் பழியையும் எங்கள் மேல் போடுகிறார்கள்’ என்ற புலம்பலுக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை. செயலி ஃப்ளோவுடையது என்பதால் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா தப்பிக்கவும் இல்லை. 2025 ஆகஸ்டில் கலிஃபோர்னிய ஜூரி ஒன்று அதற்கு எதிராகவும் முடிவு சொன்னது.

ஸ்டோரின் பின்னால் ஒளிவதும் நடக்காது. எஸ்டிகே உட்படச் செயலிக்குள் இருக்கும் அனைத்துக்கும் டெவலப்பரே பொறுப்பு என்று ஆப்பிளும் கூகுளும் தங்கள் விதிகளில் எழுதியே வைத்திருக்கின்றன. அதை ஏற்றுக்கொண்டுதான் ஒவ்வொருவரும் செயலியைப் போடுகிறார்கள். ஸ்டோரின் சோதனை எவ்வளவு ஓட்டையானது என்பதும் ஊரறிந்தது. 2015-ல் சீன டெவலப்பர்கள் பலர், ஐபோன் செயலிகளைக் கட்டும் மென்பொருளான எக்ஸ்கோடை ஆப்பிளின் சர்வரிலிருந்து இறக்க நேரமாகிறது என்று பைடு கிளவுடில் கிடைத்த பிரதியை இறக்கினார்கள். அது விஷம் வைத்த பிரதி. அதில் கட்டிய வீசாட் உள்ளிட்ட செயலிகள் ஆப்பிளின் சோதனையைத் தாண்டிக் கடைக்கு வந்தன. பாதிக்கப்பட்டோர் 12.8 கோடிப் பேர் என்பது எபிக் கேம்ஸ் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் 2021-ல் வெளியான ஆப்பிளின் உள் மின்னஞ்சல்களால்தான் உலகுக்குத் தெரிந்தது. 2019-ல் கேம்ஸ்கேனர், நம்மூரிலும் சான்றிதழையும் ரசீதையும் ஸ்கேன் செய்ய ஏராளமானோர் வைத்திருந்த செயலி, விளம்பர லைப்ரரி வழியாகத் தீநிரலைச் சுமந்துகொண்டிருந்தது. கண்டுபிடித்தது கூகுள் அல்ல, காஸ்பர்ஸ்கை. கமிஷன் வாங்கும் ஸ்டோர்களும் பதில் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் காவலாளி தூங்கினார் என்பது, உள்ளே கொண்டுவந்தவரை விடுவிக்காது.

இன்னொரு தற்காப்பு சற்றுப் படித்தவர்களிடமிருந்து வருகிறது. பயனர்கள் போடும் பதிவுக்குத் தளம் பொறுப்பில்லை என்று சட்டமே சொல்லும்போது, வேறொருவர் எழுதிய நிரலுக்குச் செயலி எப்படிப் பொறுப்பாகும் என்கிறார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்குக்குத் தடை விதித்து, அதே மாதம் 24-ஆம் தேதி விலக்கியபோது இந்த இடைநிலையர் பாதுகாப்பு பற்றி இங்கேயும் நிறையப் பேசப்பட்டது. அந்தப் பாதுகாப்பைத் தருவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு. அது வைக்கும் நிபந்தனைகளைப் படித்தால் போதும்: தகவல் பரிமாற்றத்தைத் தொடங்கியவர் நீங்களாக இருக்கக் கூடாது, பெறுபவரை நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது, தகவலை நீங்கள் தேர்ந்தெடுக்கவோ மாற்றவோ கூடாது. எஸ்டிகேயை எடுத்து வைத்தவர் பரிமாற்றத்தைத் தொடங்குகிறார். அது யாருக்குப் போக வேண்டும் என்பதை ஒப்பந்தம் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார். எந்தத் தகவல் என்பதையும் பல நேரம் அவரே முடிவு செய்கிறார். எந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றால்தான் பாதுகாப்போ, அந்தக் கோட்டை அவர் மூன்று முறை தாண்டிவிட்டார். பயனர் நள்ளிரவில் போடும் வீடியோவை யாரும் முன்கூட்டி அறிய முடியாது. எஸ்டிகே அப்படித் தானாக வந்து விழுவதில்லை.

கடைசியாக, சிறிய டெவலப்பரின் கண்ணீர். பெரிய நிறுவனங்கள் எப்போதும் இதைத் தங்கள் கேடயமாகப் பிடிக்கின்றன. கோயம்புத்தூரில் இரண்டு பேர் சேர்ந்து பஞ்சாங்கச் செயலி நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சூரிய உதயம் கணிக்க ஊர்ப் பெயர் போதும்; தெருவரை துல்லியமான இருப்பிடம் வேண்டாம். இருபது எஸ்டிகே வேண்டாம், இரண்டு போதும். பொறுப்பின் சுமை, உள்ளே திணித்த பாகங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் ஏறும். குறைவாகச் சேர்ப்பவருக்கு அது குறைவு. அமெரிக்காவில் 2020-ல் ஹைப்பர்பியர்ட் என்ற விளையாட்டுச் செயலி நிறுவனம், பதின்மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தகவலை விளம்பர நிறுவனங்கள் எடுக்க விட்டதற்காக ஒன்றரை லட்சம் டாலர் கட்டியது. அது கூகுள் அளவு நிறுவனம் அல்ல. ஆனால் அதன் விளையாட்டுகளை ஆடியது குழந்தைகள். தீங்கின் அளவை நிறுவனத்தின் அளவு தீர்மானிப்பதில்லை.

உண்மையில் இந்தத் துறையில் பாதுகாக்கப்பட வேண்டிய சிறியவர் வேறொருவர்: ஊதியமில்லாமல் லைப்ரரி எழுதி இலவசமாகக் கொடுப்பவர். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற இலவச லைப்ரரியின் ஓட்டை வெடித்தபோது, பல்லாயிரம் கோடி வருமானம் உள்ள நிறுவனங்கள் ஒரு கைப்பிடித் தன்னார்வலர்களை நோக்கி விரல் நீட்டின. எம்ஐடி போன்ற திறந்த மூல உரிமங்கள், எந்த உத்தரவாதமும் இல்லை, உள்ளது உள்ளபடி தருகிறோம் என்று பெரிய எழுத்தில் சொல்லித்தான் நிரலைத் தருகின்றன. அதை ஏற்று எடுத்தவர், ஆபத்தையும் ஏற்றுத்தான் எடுத்தார். 2024-ல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய இணையத் தாங்குதிறன் சட்டம் இந்த வேறுபாட்டைச் சரியாகப் பிடித்திருக்கிறது. வணிக நோக்கமின்றித் திறந்த மூலம் எழுதுபவருக்கு விலக்கு. அதை எடுத்துத் தன் விற்பனைப் பொருளில் வைப்பவர் அதை முறையாகப் பரிசீலிக்க வேண்டும், பாகங்களின் பட்டியல் வைத்திருக்க வேண்டும். இதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் அமலாகும். ஐரோப்பாவில் விற்கும் சென்னைச் செயலிக்கும் இது பொருந்தும்.

நடைமுறையிலும் வேறு வழியில்லை. 2023 செப்டம்பரில், படங்களைக் காட்ட உதவும் லிப்வெப்பி லைப்ரரியில் ஆபத்தான ஓட்டை தெரிந்தது. கூகுள் க்ரோமைத் திருத்தியது. ஆனால் தனக்குள் அந்த லைப்ரரியின் பிரதியைக் கட்டி வைத்திருந்த ஒரு செயலி, க்ரோம் திருந்தியதால் திருந்தாது. போனை அப்டேட் செய்தாலும் திருந்தாது. அந்தச் செயலியின் டெவலப்பர் புதிய பதிப்பு வெளியிட்டால்தான் உண்டு. சரிசெய்யும் கை ஒன்றுதான் என்றால், பொறுப்பும் அந்தக் கையில்தான் இருக்க முடியும்.

இந்தியச் சட்டம் இதை ஏற்கெனவே எழுதிவிட்டது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, தன் சார்பில் வேறொருவர் செய்யும் தரவுச் செயலாக்கத்துக்கும், எந்த ஒப்பந்தம் மாறாக எதைச் சொன்னாலும், தரவைப் பெற்ற நிறுவனமே பொறுப்பு என்கிறது. பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

இதைத் தண்டனையாக மட்டும் பார்ப்பவர்கள் சந்தையின் கணக்கைத் தவறவிடுகிறார்கள். எஸ்டிகே நிறுவனத்தோடு பேரம் பேசும் இடத்தில் பயனர் இல்லை, டெவலப்பர்தான் இருக்கிறார். என்ன எடுக்கிறாய், யாருக்கு விற்கிறாய், மீறினால் எனக்கு இழப்பீடு என்ன என்று ஒப்பந்தத்தில் கேட்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். இன்று பெரும்பாலோர் கேட்பதில்லை. இழப்பு வந்தால் அது தன்னுடையது அல்ல என்ற தைரியம்தான் காரணம். அந்தத் தைரியத்தை உடைத்தால் அவர்கள் கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்ல முடியாத எஸ்டிகேக்களுக்கு வாங்க ஆள் இருக்காது. எக்ஸ்-மோடை நீக்க 2020 டிசம்பரில் ஆப்பிள் டெவலப்பர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு வாரம். கூகுள் கொடுத்தது ஏழு நாள். நீக்காத செயலியை ஸ்டோரிலிருந்து இறக்கிவிடுவோம் என்றார்கள். இழப்பு தன் தலைக்கு வரும் என்று தெரிந்ததும், அதுவரை யார் கண்ணுக்கும் படாமல் உட்கார்ந்திருந்த எஸ்டிகே சில நாட்களில் கழற்றக்கூடியதாகிவிட்டது. அன்று அதைச் செய்ய வைத்தது இரண்டு கம்பெனிகளின் மிரட்டல். இனி அதைச் செய்ய வைக்க வேண்டியது பயனருக்குப் பதில் சொல்லும் சட்டக் கடமை.